தன் நோயை அறியாதவர்களைத் தேடிய மருத்துவர் எலியட் ஜோஸ்லின்

1921ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் நீரிழிவைத் தடுப்பது பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. அதில் மூன்று வீடுகளைப் பற்றிய ஒரு சிறு கதை இருந்தது. நியூ இங்கிலாந்து வட்டாரத்தில் அமைதியான ஒரு சிற்றூர்; அகன்ற ஒரு தெரு; அதில் அடுத்தடுத்து மூன்று வீடுகள். காலப்போக்கில் நான்கு பெண்களும் மூன்று ஆண்களுமாக ஏழு குடும்பத் தலைவர்கள் அந்த வீடுகளில் குடியிருந்தார்கள். அந்த ஏழு பேரில் ஆறு பேர் நீரிழிவு நோயால் இறந்தார்கள்.

ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே மூன்று வீடுகளில் ஆறு பேர் டைபாய்டு காய்ச்சலாலோ காசநோயாலோ இறந்திருந்தால் சுகாதாரத் துறை விட்டிருக்குமா? தண்ணீரைச் சோதித்திருப்பார்கள், பாலைச் சோதித்திருப்பார்கள், அக்கம்பக்கத்தாரை வரிசையில் நிறுத்திப் பரிசோதித்திருப்பார்கள். நீரிழிவு மெதுவாகக் கொல்கிறது. ஆறு மரணங்களும் பல ஆண்டுகள் இடைவெளியில் நடந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. கட்டுரையை எழுதிய மருத்துவரின் ஆதங்கம் இதுதான்.

அவர் பெயர் எலியட் ஜோஸ்லின். நம் ஊரில் பெரியவர்கள் இன்னமும் 'இனிப்பு நீர்' என்று சொல்லும் இந்த நோய்க்காக ஏறத்தாழ 70 ஆண்டுகள் உழைத்தவர். இன்சுலினைக் கண்டுபிடித்தவர் பேண்டிங் என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஜோஸ்லின் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவர் எண்ணினார். ஒவ்வொரு நோயாளியையும் பெயர் சொல்லி எண்ணினார். பிறகு, எண்ணிக்கையில் வராமலே போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்கத் தொடங்கினார்.

காலணித் தொழிற்சாலையிலிருந்து பாஸ்டனுக்கு

ஜோஸ்லின் 1869ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆக்ஸ்பர்ட் என்ற ஊரில் பிறந்தார். இங்கிலாந்தின் பல்கலைக்கழக நகரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் உள்ள இந்த ஆக்ஸ்பர்ட் சில ஆயிரம் பேர் மட்டுமே வாழ்ந்த சிறிய ஊர். அப்பா காலணித் தொழிற்சாலை நடத்திய வசதியானவர். மகன் யேல் கல்லூரியில் 1890இல் பட்டம் பெற்று, பிறகு ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1895இல் மருத்துவரானார். வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை என்பதாலோ என்னவோ, கணக்குப் புத்தகத்தின் மீது அவருக்குக் கடைசிவரை தனி மோகம் இருந்தது.

மாணவராக இருந்தபோதே, 1893இல், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நீரிழிவு நோயாளி ஒருவரைக் கவனிக்கும் வேலை அவருக்கு வந்தது. அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஓர் இளம்பெண். அந்தப் பெண்ணைப் பற்றிய விவரங்களை ஜோஸ்லின் ஒரு பேரேட்டில் எழுதி வைத்தார். கடைக்காரர்கள் வரவு செலவு எழுதும் பெரிய புத்தகம் போன்றது அது. முதல் எண் அந்தப் பெண்ணுக்கு. அதன்பிறகு அவரிடம் வந்த ஒவ்வொரு நீரிழிவு நோயாளிக்கும் ஓர் எண் உண்டு.

எட்டாம் எண்ணில் இருப்பவர் அவருடைய அம்மா.

பெற்ற தாய்க்கே இந்த நோய் வந்தபோது ஜோஸ்லினிடம் மருந்து எதுவும் இல்லை. உலகில் யாரிடமும் இல்லை. உணவுக் கட்டுப்பாடு ஒன்றுதான் வழி. அதை மகன் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கச் சொன்னார், அம்மாவும் கடைப்பிடித்தார். பத்தாண்டுகளுக்கு மேல் அவர் வாழ்ந்தார். ஒழுங்காகக் கட்டுப்படுத்தினால் இந்த நோயோடு நீண்டநாள் வாழலாம் என்ற ஜோஸ்லினின் நம்பிக்கை எந்தப் பாடநூலிலிருந்தும் வந்ததல்ல. வீட்டிலிருந்து வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1898இல் அவர் பாஸ்டன் நகரில் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். அதே ஆண்டு தம் ஆசிரியர் ரெஜினால்ட் ஃபிட்ஸுடன் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் பழைய கோப்புகளை 1824லிருந்து 1898வரை புரட்டிப் பார்த்த ஆய்வு அது. 74 ஆண்டுகளில் அந்தப் பெரிய மருத்துவமனையில் பதிவான நீரிழிவு நோயாளிகள் மொத்தம் 172 பேர்தான். அவ்வளவு அரிய நோயா இது? அல்லது யாரும் தேடவில்லையா? அந்தக் கேள்வி அப்போதே அவருக்கு எழுந்ததா என்று சொல்வதற்கில்லை. ஆனால் வாழ்நாளில் பிற்பாதி முழுவதும் அவர் அந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டினார்.

ஊசி வந்த ஆண்டு

இன்சுலின் வருவதற்கு முன் இருந்த நிலைமையை இன்றைய இளையர் கற்பனை செய்து பார்ப்பது கடினம். பத்து வயதுப் பிள்ளைக்கு நீரிழிவு வந்தால் ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிடும். பிரெட்ரிக் ஆலன் என்ற மருத்துவர் கடுமையான பட்டினிச் சிகிச்சை ஒன்றை வகுத்திருந்தார். உணவைக் குறைத்துக் குறைத்து, சிறுநீரில் சர்க்கரை இல்லாமல் போகும்வரை நோயாளியைப் பட்டினி போடுவது. ஜோஸ்லினும் அதைப் பின்பற்றினார். நோயாளிகள் எலும்பும் தோலுமானார்கள். ஆனாலும் சில மாதங்கள், சில ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். 1916இல் ஆயிரம் நோயாளிகளின் அனுபவத்தை வைத்து நீரிழிவுச் சிகிச்சை பற்றிய நூலை வெளியிட்டார். 1918இல் நோயாளிகளே படித்துப் புரிந்துகொள்ளும்படி ஒரு கையேடும் எழுதினார். நோயாளிக்கு விவரம் தெரியக்கூடாது என்று பல மருத்துவர்கள் நினைத்த காலம் அது.

1921 டிசம்பர் இறுதியில் நியூ ஹேவன் நகரில் ஒரு கூட்டம் நடந்தது. கனடாவின் டொரொன்டோவிலிருந்து வந்த பிரெட்ரிக் பேண்டிங் என்ற இளம் மருத்துவர், நாயின் கணையத்திலிருந்து எடுத்த சாறு பற்றித் தடுமாறித் தடுமாறிப் பேசினார். அவையில் ஜோஸ்லினும் இருந்தார். அடுத்த ஆண்டே டொரொன்டோ குழு, தேர்ந்தெடுத்த சில மருத்துவர்களுக்கு மட்டும் இன்சுலின் அனுப்பத் தொடங்கியது. 1922 ஆகஸ்ட் 7ஆம் நாள் ஜோஸ்லின் தம் முதல் இன்சுலின் ஊசியைப் போட்டார். அதைப் பெற்றவர் ஒரு தாதி. ஐந்து ஆண்டுகளாக நோயோடு போராடி, ஒன்பது மாதங்களில் ஒரே ஒரு முறை மட்டுமே வீட்டைவிட்டு வெளியே வந்திருந்தவர். சில வாரங்களில் அவர் மைல் கணக்கில் நடந்தார். அதற்குப் பிறகு ஏறத்தாழ 25 ஆண்டுகள் வாழ்ந்தார்.

இன்சுலின் வந்ததும் நோய் தீர்ந்தது என்று பலரும் மகிழ்ந்தார்கள். ஜோஸ்லின் பேரேட்டைப் பார்த்தார். முன்பெல்லாம் அவருடைய நோயாளிகளில் பாதிப் பேருக்கும் மேல் நீரிழிவு மயக்கத்தில் இறந்தார்கள். அந்த எண்ணிக்கை வேகமாகச் சரிந்தது. ஆனால் அதற்குப் பதிலாக வேறு காரணங்கள் வரத் தொடங்கின: இதயம், சிறுநீரகம், கண், அழுகிய கால். மயக்கத்தில் மடியாமல் தப்பியவர்களை, ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் தேங்கிய சர்க்கரை வேறு வழியில் பிடித்தது.

கால்தான் அவரை மிகவும் வருத்தியது. காலணி செய்தவரின் மகன் காலைப் பற்றிக் கவலைப்பட்டதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. நடுத்தர வயதுக்காரர் ஒருவர் விரல் கறுத்துப்போன காலோடு மருத்துவமனைக்கு வருவார். சிறுநீரைச் சோதித்தால் சர்க்கரை. தமக்கு நீரிழிவு இருப்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். அன்றைக்கே காலையும் எடுத்தாக வேண்டும். நோய் அந்த உடலில் எத்தனை ஆண்டுகளாகக் குடியிருந்தது? பாஸ்டனின் டீக்கனஸ் மருத்துவமனையில் ஜோஸ்லின் கால் பராமரிப்புக்கென்றே ஓர் அறை ஏற்படுத்தினார். நகம் வெட்டுவது, காய்ப்பை நீக்குவது, கொப்புளத்தைக் கவனிப்பது எல்லாம் அங்கே நடந்தன. கால்களுக்கான அழகு நிலையம் என்று அவர் அதற்கு வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். ஆனால் நோய் இருப்பது தெரிந்தவர்தானே அங்கே வருவார்!

சத்தம் போடாத நோய்

இங்கே கொஞ்சம் அறிவியல் பார்க்க வேண்டும்.

ஜோஸ்லின் காலத்தில் முதல் வகை, இரண்டாம் வகை என்ற பெயர்கள் புழக்கத்தில் இல்லை. 1936இல்தான் ஹிம்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேய மருத்துவர், இன்சுலினுக்கு உடல் நன்றாகப் பணியும் நோயாளிகள் என்றும், பணியாத நோயாளிகள் என்றும் இரு பிரிவினர் இருப்பதைச் சோதித்துக் காட்டினார். முதல் பிரிவினர் பெரும்பாலும் இளையர். நோய் வந்ததும் உடல் மெலியும், தாகம் எடுக்கும், வீட்டார் பயந்து மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இரண்டாம் பிரிவினர் பெரும்பாலும் 40 வயதைத் தாண்டியவர்கள், உடல் பருத்தவர்கள். இவர்களுக்கு நோய் வந்தது தெரிவதே இல்லை. இதைத்தான் இன்று இரண்டாம் வகை நீரிழிவு என்கிறோம்.

ஏன் தெரிவதில்லை? நம் சிறுநீரகம் சிக்கனமானது. இரத்தத்தை வடிகட்டும்போது அதிலுள்ள சர்க்கரையை வீணாக்காமல் திரும்ப உடலுக்கே அனுப்பிவிடும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. இரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 10 மில்லிமோலைத் தாண்டினால், அணை நிரம்பி வழிவதுபோலச் சிறுநீரில் சர்க்கரை வழியத் தொடங்கும். சர்க்கரை போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் தாகமும் அதனால் வருபவை. இன்றைய கணக்கில், சாப்பிடாத வயிற்றில் 7.0 மில்லிமோல் இருந்தாலே அது நீரிழிவு. அப்படியானால் 7க்கும் 10க்கும் இடையில் இருப்பவர்? நோய் இருக்கும், தாகம் இருக்காது, சிறுநீரில் சர்க்கரையும் இருக்காது. அவர் வேலைக்குப் போவார், கல்யாண விருந்தில் இரண்டாவது முறையும் பாயாசம் கேட்பார், ஒன்றும் தெரியாது. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே வரும்.

ஜோஸ்லினிடம் அப்போது இருந்த எளிய கருவி பெனெடிக்ட் கரைசல். இடைநிலைப்பள்ளி ஆய்வுக்கூடத்தில் 'லாருத்தான் பெனெடிக்ட்' என்று நீங்கள் கையாளும் அதே நீலத் திரவம்தான். ஸ்டான்லி பெனெடிக்ட் என்ற அமெரிக்க வேதியியலாளர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியது. சிறுநீரைச் சேர்த்துச் சூடாக்கினால், சர்க்கரையின் அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று நிறம் மாறும். இதை வீட்டிலேயே செய்யும்படி தம் நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்தார் ஜோஸ்லின். கற்றவர்களிடம் இன்னொரு வேலையும் கொடுத்தார்: வீட்டில் உள்ள அண்ணன், தங்கை, பெற்றோரின் சிறுநீரையும் சோதித்துப் பாருங்கள் என்றார். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருக்க வாய்ப்பு அதிகம் என்பது பேரேடு அவருக்குச் சொன்ன பாடம். நோயாளியையே தேடுபவராக மாற்றிய இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

அரிசோனா பயணம்

அமெரிக்க மாநிலங்களில் நீரிழிவு மரணங்கள் ஒரே அளவில் இல்லை. வடகிழக்கில் உள்ள ரோட் ஐலண்ட் மாநிலத்தில் மிக அதிகம். மேற்கே பாலைவன மாநிலமான அரிசோனாவில் மிகக் குறைவு. வெயிலா, உணவா, வாழ்க்கை முறையா, என்ன காரணம்? எழுபது வயதை எட்டிய ஜோஸ்லின் இதைக் கண்டறிய அரிசோனாவுக்கே போனார். அதன் முடிவு 1940இல் வெளியானது.

வெயிலில் எந்த அதிசயமும் இல்லை. அரிசோனாவில் அப்போது இளையர் அதிகம், முதியவர் குறைவு; நீரிழிவோ வயதானவர்களை அதிகம் பிடிக்கும் நோய். வயதைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் பெரிய வித்தியாசம் மறைந்துபோனது. இந்த நோய் எங்கும் பரவியிருக்கிறது, தேடாத இடத்தில்தான் குறைவாகத் தெரிகிறது என்பது அவர் கண்ட முடிவு. பூர்வகுடி மக்களிடம் இந்த நோயே கிடையாது என்ற நம்பிக்கையும் அப்போது இருந்தது. அங்குள்ள பீமா இன மக்களிடையே அவர் தேடி 21 நீரிழிவு நோயாளிகளைப் பதிவு செய்தார். பிற்காலத்தில், 1965லிருந்து, அதே பீமா மக்களை வீடுவீடாகச் சோதித்தபோது 35 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நீரிழிவு இருந்தது தெரியவந்தது. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது.

சொந்த ஊரில் 3,516 பேர்

மருத்துவமனைக்கு வருபவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் போதாது, ஓர் ஊர் முழுவதையும் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கைகூடியது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை அந்தப் பொறுப்பை ஏற்றது. ஹியூ வில்கர்சன், லியோ கிரால் ஆகிய இரு மருத்துவர்கள் ஆய்வை நடத்தினார்கள். அவர்கள் சென்ற இடம் ஜோஸ்லினின் பிறந்த ஊரான ஆக்ஸ்பர்ட். ஊர்ப்பிள்ளை பெரிய மருத்துவராகியிருக்கிறார். அவர் இதில் அக்கறை காட்டுகிறார் என்றால் மக்களும் ஒத்துழைப்பார்கள் அல்லவா?

1946, 1947 ஆண்டுகளில் நடந்த அந்தச் சோதனையில் சிறுநீரோடு நிற்காமல் இரத்தமும் எடுத்தார்கள். ஊரின் மக்கள்தொகை 4,983. அவர்களில் 3,516 பேர் சோதனைக்கு வந்தார்கள். பத்தில் ஏழு பேர்! தங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நம்பிய மனிதர்கள் கையை நீட்டி இரத்தம் கொடுக்க முன்வருவது இன்றைக்கும் எளிதல்ல.

நீரிழிவு இருந்தவர்கள் 70 பேர். அவர்களில் 40 பேருக்கு ஏற்கெனவே தெரியும். மீதி 30 பேருக்குத் தெரியாது. அதாவது, தெரிந்த நான்கு பேருக்குத் தெரியாதவர் மூன்று பேர்.

இந்த விகிதம் மருத்துவ உலகை உலுக்கியது. ஆக்ஸ்பர்ட் கணக்கை நாடு முழுமைக்கும் பெருக்கிப் பார்த்தார்கள். அமெரிக்காவில் ஒரு மில்லியன் பேருக்குத் தங்களுக்கு நீரிழிவு இருப்பது தெரியும் என்றால், இன்னும் ஏறத்தாழ ஒரு மில்லியன் பேர் அதை அறியாமலே நடமாடுகிறார்கள் என்ற கணிப்பு பிறந்தது. 1948 டிசம்பரில் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் நாடு தழுவிய நீரிழிவு வாரம் ஒன்றை நடத்தி, பெருநகரங்களிலும் சிற்றூர்களிலும் பெரியவர்களைச் சோதனைக்கு அழைத்தது. 1956இல் சிறுநீரில் நனைத்தாலே நிறம் மாறும் பட்டைகள் சந்தைக்கு வந்தன. அதன்பிறகு இந்த வேலை இன்னும் சுலபமானது.

நம் நாட்டைப் பார்ப்போம். மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வு 2019இல் நடந்தபோது, 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சர்க்கரை நீரிழிவு அளவில் இருந்தது. மொத்தப் பெரியவர்களில் 9.4 விழுக்காட்டினர் தங்களுக்கு நோய் இருப்பதை அறிந்தவர்கள். 8.9 விழுக்காட்டினர் அறியாதவர்கள். 70 ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டது, நாடு வேறு, உணவு வேறு. ஆனாலும் ஆக்ஸ்பர்ட்டில் கண்ட அதே கதை. ஏறத்தாழ பாதிக்குப் பாதி. இரத்தச் சோதனைக்கு கிளினிக் கெசிஹாத்தான் பக்கத்திலேயே இருக்கிறது. விரலில் ஒரு சின்னக் குத்து, ஒரு நிமிடத்தில் முடிவு. கோயில் வளாகத்தில் நடக்கும் மருத்துவ முகாமில்கூட அதைச் செய்கிறார்கள். அது முதற்கட்ட அறிகுறிதான். அளவு அதிகமாக இருந்தால் முறையான ஆய்வுக்கூடச் சோதனை செய்துதான் மருத்துவர் நோயை உறுதிப்படுத்துவார்.

கண்டுபிடித்த பிறகு

ஜோஸ்லினை முழுக்கப் புகழ்ந்துவிட்டுப் போக முடியாது. அவர் கண்டிப்பானவர், சில நேரம் கடுமையானவர். விடியற்காலையில் எழுந்து உழைப்பதும் வீண் செலவு செய்யாததும் அவருடைய வளர்ப்பு. நோயாளியிடமும் அதையே எதிர்பார்த்தார். உணவு, இன்சுலின், உடற்பயிற்சி மூன்றையும் ஒரு தேரை இழுக்கும் மூன்று குதிரைகளாக உருவகித்து, அவற்றைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது நோயாளியின் கையில் இருக்கிறது என்றார். சர்க்கரை ஏறினால் அது நோயாளியின் தவறு என்ற தொனி அவரிடம் இருந்தது. ஏழ்மையோ, பரம்பரையோ, ஓய்வில்லாத வேலையோ காரணமாக இருக்கலாம் என்பதை அவர் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆனால் கட்டளை போட்டுவிட்டுப் போகிறவரும் அல்லர் அவர். பயிற்சி பெற்ற தாதியரை நோயாளிகளின் வீட்டுக்கே அனுப்பினார். ஊசி போடுவது எப்படி, உணவை அளப்பது எப்படி, காலைப் பார்ப்பது எப்படி என்று அவர்கள் வீட்டில் தங்கிச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று மருத்துவமனைகளில் இருக்கும் நீரிழிவுக் கல்வித் தாதியருக்கு முன்னோடிகள் அவர்கள். 1924இல் பிரிசில்லா வைட் என்ற பெண் மருத்துவர் அவரோடு சேர்ந்து, நீரிழிவு உள்ள பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் கவனித்தார். நீரிழிவோடு 25 ஆண்டுகள் பாதிப்பின்றி வாழ்ந்தவர்களுக்கு ஜோஸ்லின் பதக்கமும் கொடுத்தார்.

நோயைத் தேடிக் கண்டுபிடிப்பது மட்டும் போதுமா என்ற கேள்விக்கு இதில்தான் விடை கிடைக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் வட்டாரத்தில் 40 முதல் 69 வயது வரையிலான, நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகமுள்ள 20,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2012இல் அதன் முடிவு வெளியானது. சில மருத்துவ நிலையங்களில் சோதனைக்கு அழைத்தார்கள், சிலவற்றில் அழைக்கவில்லை. ஏறத்தாழ 10 ஆண்டுகள் கழித்து, இரு தரப்பிலும் மரண விகிதத்தில் வேறுபாடு தெரியவில்லை. இதனால் எல்லாரையும் சோதிப்பதா, ஆபத்து அதிகம் உள்ளவர்களை மட்டுமா என்று மருத்துவர்கள் இன்னமும் விவாதிக்கிறார்கள். அந்த ஆய்வு எண்ணியது மரணங்களை. காலை இழந்து, கண்ணை இழந்து, ஆனால் உயிரோடு இருப்பவரை மரணக் கணக்கு காட்டாது. ஜோஸ்லினின் பேரேடு அவரையும் எழுதியிருக்கும்.

இரத்தச் சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற அவருடைய பிடிவாதத்துக்கு அவர் காலத்திலேயே எதிர்ப்பு இருந்தது. நோயாளிக்குத் தாகமும் எடைக் குறைவும் இல்லாவிட்டால் போதும், சிறுநீரில் சர்க்கரை போனால் போகட்டும் என்று நியூயார்க் மருத்துவர் எட்வர்ட் டால்ஸ்டாய் போன்றோர் வாதிட்டார்கள். ஜோஸ்லினிடம் அனுபவம் இருந்தது, மறுக்க முடியாத ஆதாரம் இல்லை. அந்த ஆதாரம் 1993இல்தான் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரிடம் நடந்த ஆய்வில், கட்டுப்பாடு நன்றாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்புப் பாதிப்புகள் வெகுவாகக் குறைந்தன. 1998இல் பிரிட்டனில் முடிந்த இன்னொரு பெரிய ஆய்வு, புதிதாகக் கண்டறியப்பட்ட இரண்டாம் வகை நோயாளிகளுக்கும் அதே பலன் உண்டு என்று காட்டியது.

அதைப் பார்க்க ஜோஸ்லின் இல்லை. தொண்ணூறு வயதைக் கடந்தும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், 1962ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், தமது 92ஆம் வயதில் காலமானார். அயர்லாந்துப் பெண்ணிடம் ஒன்றில் தொடங்கிய வரிசை எண், பல பேரேடுகளைக் கடந்து, அப்போது பல்லாயிரத்தை எட்டியிருந்தது.